நனையாமல் விட்ட நாலு விரல் இடம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பேன், மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். குரல்வளையில் கட்டி என்று கேட்டுவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவும் என்று எங்கள் சபையில் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் தொண்டை கட்டியது. சளி என்று மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுக் குடித்தேன். சரியாகவில்லை. பிறகு எச்சில் விழுங்கும்போது காது வலித்தது. தொண்டைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அதையும் விட்டுவிட்டேன். உங்களுக்கு அப்படி வலித்தால் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நான் எப்போதுமே வாய்க்குள் பேசுகிறவள். "ஆத்தா என்னமோ முனங்குது" என்பான் என் மகன் முருகேசன். குரல் தேய்ந்தபோதும் அவனுக்கு அதே முனகலாகத்தான் கேட்டிருக்கிறது.

கண்டுபிடித்தது எஸ்தர் அக்கா. தேனிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவர்களுடையது. எங்கள் பாப்டிஸ்ட் சபைப் பெண்கள் சேர்ந்து வியாழக்கிழமைதோறும் கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோவோம். மற்றவர்கள் கட்டில் கட்டிலாக நின்று விசாரித்து ஜெபிப்பார்கள். நான் கஞ்சி ஊற்றுவேன். பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் முன் சமையல் கொட்டகையில் நின்று ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். ஒரு வியாழன் அக்கா பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏ குருவு, உன் வாயிலருந்து காத்துதான் வருது. சத்தத்த எங்கன வச்சிட்டு வந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பிலும் சத்தம் இல்லை. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"கஞ்சிய இவுக ஊத்தட்டும். நீ எங்கூட வந்து டாக்டர் வரிசையில நில்லு."

மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். பிறகு பயாப்சி (சதையைத் துளி கிள்ளி எடுத்துச் சோதிப்பது). புகையிலை போடுவீர்களா என்று கேட்டார்கள். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் குளிருக்குப் பழகிய வெற்றிலையும் புகையிலையும் வெகுநாள் கூடவே இருந்தன என்று சொன்னேன். பிறகு மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா. நிதானமாகப் பேசினார். குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும், கழுத்தின் அடியில் முன்பக்கம் ஒரு துவாரம் வைப்போம், ஆயுசுக்கும் அந்த வழியாகத்தான் மூச்சு என்றார்.

"பேச்சு போயிரும்மா. ஆனா நோயும் போகும்னு நம்புறேன்."

முருகேசன் அங்கேயே அழுதுவிட்டான். எனக்கு அன்று பெரிய துக்கம் இல்லை. என் பேச்சை நம்பி இந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தேன். பேசாமல் இருப்பது வேறு, பேச முடியாமல் இருப்பது வேறு என்பது ஆப்பரேசன் முடிந்து கண் விழித்தபோதுதான் தெரிந்தது. தண்ணீர் வேண்டும் என்று வாயை அசைத்தேன். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

சபைப் பெண்கள் முறை வைத்து மதுரைக்கு வந்து என்னோடு இருந்தார்கள். முருகேசன் மினிலாரி ஓட்டுகிறவன். வண்டியை நிறுத்தினால் வீடு நின்றுவிடும். அவன் சாமி கும்பிடுகிறவன், சனிக்கிழமைதோறும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிறவன். முதலில் அவர்கள் எதிரில் கூச்சப்பட்டு வராந்தாவிலேயே நின்றான். எஸ்தர் அக்காதான், "ஏலே முருகேசா, உங்க ஆத்தாவுக்குக் கஞ்சி வடிகட்டணும், துணியப் பிடி" என்று உள்ளே இழுத்தார்கள்.

மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி (தொண்டைக்குள் போட்ட தையல் ஆறும்வரை அப்படி). அக்கா ஊசிக்குழலில் ஊற்றிக்கொண்டே, "எத்தன பேருக்கு ஊத்திருப்ப. இப்ப உனக்கு. மூஞ்சியத் தூக்காம குடி" என்பார்கள். குடிப்பதற்கு வாயே தேவைப்படவில்லை. இருந்தாலும் குடி என்றுதான் சொல்வார்கள்.

அதன்பின் கதிர்வீச்சு (மிச்சம் மீதி நோயைச் சுட்டு அழிப்பது). கழுத்துத் தோல் கறுத்தது, நாக்கில் ருசி செத்தது. ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வாசனை இன்னும் சரியாகத் திரும்பவில்லை, ஏனென்றால் மூக்கில் காற்று போவதில்லை. கஞ்சி அடிப்பிடித்தால் எனக்குத் தெரியாது. அடுப்பை ஊத முடியாது. துவாரத்தின் மேல் எப்போதும் ஒரு ஈரத்துணி தொங்கும். ஆனி, ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் மண்ணை வாரி இறைக்கும். அந்த மாதங்களில் நான் வெளியே போவது குறைவு. ஏப்பமாக வரும் காற்றைப் பேச்சாக்க மதுரையில் பழக்குகிறார்கள், எனக்கு இன்னும் வசப்படவில்லை. கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுவேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்து தானாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன் எல்லோர் எதிரிலும் நின்று சாட்சி (இயேசுவை எப்படி நம்ப வந்தோம் என்பது) சொல்ல வேண்டும், பிறகு ஆற்றில் முழுக்குவார்கள். அப்படி எடுத்தவர்கள்தான் சபையின் உறுப்பினர். அவர்களுக்குத்தான் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சைரசமும். கம்பத்துப் பன்னீர் திராட்சையை வாங்கி அந்த ரசத்தைப் பிழிந்து கொடுப்பது நான்தான். தட்டு வரும்போது இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துவிடுவேன். வருசா வருசம் ஞானஸ்நானத்துக்குப் பேர் கேட்பார்கள். சாட்சி சொல்ல வேண்டுமே என்று நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்த பிறகு ஒரு முதல் ஞாயிறு, தட்டை வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும்போது கை கொடுக்க மறுத்தது. அன்று சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போய், ஆறு இருக்கும் திசையைக் காட்டி, தலைமேல் கை வைத்து முங்குவதுபோலச் செய்தேன். போதகர் இளவயசுக்காரர். புரிந்துகொண்டார்.

"சாட்சிக்குக் கவலைப்படாதீங்கம்மா. நான் சபை முன்னால கேள்வி கேக்கிறேன். நீங்க தலையாட்டுங்க, போதும்."

ஆயுசு முழுதும் நான் பயந்தது இவ்வளவு லேசாகத் தீர்ந்தது. அதற்கு அடுத்த நிமிடம்தான் இரண்டு பேருக்கும் என் கழுத்துத் துவாரம் ஞாபகம் வந்தது. அதன் வழியாகத் தண்ணீர் போனால் நேரே நுரையீரலுக்குப் போகும்.

சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன்களில் மூத்தவர் தங்கராஜ். அல்லிநகரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எதையும் ரிப்பேர் பண்ணிவிடலாம் என்கிற மனுசர். எங்கள் பக்கம் முழுக்கும்போது போதகர் ஒரு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தித்தான் சாய்ப்பார். தங்கராஜ் அதை வைத்து யோசித்தார்.

"மூக்கப் பொத்துற மாதிரி அந்த ஓட்டையப் பொத்துனா ஆச்சு. எல்லாருக்கும் மேல, ஆத்தாவுக்குக் கீழ. இப்படி வச்சுப் பாப்பம்."

உள்ளங்கையை என் கழுத்துத் துணிமேல் மெதுவாக, மரியாதையாகத்தான் வைத்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருமி இருமி உட்கார்ந்தேன். அவர் வெளிறிப்போனார்.

"மூக்கு இருக்குல்ல?" என்றார்.

"மூக்கு சும்மா இருக்கு. அங்கன வழியே இல்ல" என்றார்கள் எஸ்தர் அக்கா. "அவ உசுரு வந்து போறதே இதுவழியாத்தான். தெரியாம மோட்டார்ல கை வப்பீகளா நீக?"

இதைப் படிக்கிறவர்கள் வீட்டாரிடம் முதலில் இதைச் சொல்லி வையுங்கள். மயக்கம் போட்டால் முகத்தில் தண்ணீர் தெளிக்க விடாதீர்கள். நிறையப் பேர் அது பேச்சுக்கான துவாரம் என்றே நினைக்கிறார்கள்.

மறுபரிசோதனைக்கு மதுரை போனபோது போதகரே கூட வந்து டாக்டரம்மாவிடம் கேட்டார். டாக்டரம்மா என் தையலை மறுபடி பார்த்தார். ஓடுகிற தண்ணீர் வேண்டாம், முழங்கால் ஆழம் போதும், பின்னால் சாய்த்து முதுகும் தலைமுடியும் நனையலாம், துவாரத்தைச் சுற்றி நாலு விரல் இடம் தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும், தலையைப் பிடிக்கிறவர் கையை விடக்கூடாது என்றார். இது எனக்கு மட்டும், என் தையலைப் பார்த்துச் சொன்னது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் வாளித் தண்ணீரில்கூட இறங்காதீர்கள்.

அந்த நாலு விரல்தான் பிரச்சினையாயிற்று. எங்கள் சபையில் போதகர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. உறுப்பினர்கள் கூடிக் கை தூக்க வேண்டும். நான் உறுப்பினர் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

தங்கராஜ் எழுந்து பேசினார். "முழுகாட்டி அது ஞானஸ்நானம் இல்ல. முழுகுனா ஆத்தா இருக்காது. ரெண்டுக்கும் நடுவுல நாமளா ஒண்ணக் கண்டுபிடிக்க வேணாம். இப்பிடியே இருந்து கும்பிடட்டுமே. கர்த்தர் என்ன கோவிச்சுக்குவாரா?"

"அவரு கோவிக்க மாட்டாருன்னா நாலு வெரலுக்கு மட்டும் கோவிப்பாரா?" இது எஸ்தர் அக்கா.

யாரோ சிரித்தார்கள். பிறகு போதகர் கை தூக்கச் சொன்னார். கை தூக்குவது சத்தம் வராத காரியம். எத்தனை கை என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் கதிர்வீச்சு அறையில் தனியே படுத்திருந்ததைவிட நீளமாக இருந்தது. அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"சனிக்கிழம துணிமணி எடுத்து வச்சுக்க. ஞாயித்துக்கெழம ஆத்துக்குப் போறம்."

முருகேசனிடம் சைகையில் சொன்னேன். அவன் சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"நீ எந்தச் சாமியக் கும்புட்டாலும் நான் ஒண்ணுஞ் சொன்னதில்ல. தண்ணிதான் ஆத்தா வேணாங்கிறேன். மறுபடி ஒருக்கா ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னால நிக்க முடியாது."

நான் அவன் கையை எடுத்து என் கழுத்துக்குக் கீழே வைத்து, தண்ணீர் இது வரைக்கும்தான் என்று காட்டினேன்.  ஞாயிற்றுக்கிழமை காலையில் மினிலாரியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தான். அதில்தான் எல்லோரும் போனோம்.

பழனிசெட்டிபட்டிப் பக்கம் முல்லையாற்றில் துணி துவைக்கும் இடத்துக்கு ஓரமாகத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். போதகர் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலையாட்டினேன். ஈரத்துணியைக் கழற்றினேன். அவ்வளவு பேர் என் கழுத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூச்சம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

தண்ணீருக்குள் உட்கார வைத்தார்கள். தலையைப் பிடிக்க யார் என்று போதகர் திரும்பிப் பார்த்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தங்கராஜ் இறங்கி வந்தார். என் பின்னால் மண்டியிட்டு, காதோரம் குனிந்து சொன்னார்.

"நான் கை தூக்கல ஆத்தா. இப்பவும் எனக்கு அது சரின்னு படல. ஆனா இந்தக் கைய விட மாட்டேன். தைரியமாச் சாயி."

நான் சாய்ந்தேன். போதகர் பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து என் மூக்கைப் பொத்திவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பொத்தட்டும் என்று விட்டுவிட்டேன். முதுகு நனைந்தது, முடி மிதந்தது, காதுக்குள் தண்ணீர் ஏறியது. போதகர் உள்ளங்கையில் அள்ளி நெற்றியிலும் கன்னத்திலும் தடவினார். கழுத்தடியில் மட்டும் வெயில் பட்டது. அந்தக் காய்ந்த இடத்தில் மூச்சு போவதும் வருவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை போகிறேன். என் காலம் ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரை. அதற்கு அப்பால் நான் பார்ப்பதில்லை. சூடான எதையும் ஊதிக் குடிக்க முடியாது, ஆறும்வரை காத்திருக்கிறேன். முன்பெல்லாம் அப்படி உட்கார்ந்தது கிடையாது. கண்ணாடியில் அந்தத் துவாரத்தைப் பார்த்தால் காயம் என்று தோன்றுவதில்லை. கண், காது மாதிரி அதுவும் ஒன்று.

அன்று கரையில் என்ன பாட்டுப் பாடினார்கள், முருகேசன் இறங்கி வந்து நின்றானா, போதகர் என்ன வசனம் சொன்னார் என்பதெல்லாம் இதில் எழுதவில்லை. என் காது தண்ணீருக்குள் இருந்தது, கண்ணுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. எஸ்தர் அக்கா கரையில் நின்றார்கள். என்னை எழுதச் சொன்ன சபைக்காரர்களே, இதை ஆஸ்பத்திரி விவரங்களையும் சேர்த்து அவர்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டி, நான் தவறாக எழுதியதைத் திருத்திவிடுங்கள்.