உரித்துப் போட்ட பாசி

ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய கணவரோடு இலுப்பூரில் சின்னதாக ஜப்பானிய உணவுக்கடை நடத்துகிறேன். எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர், மீமிசலில் நடந்த கடலோரப் பெண்கள் மாநாட்டின் மதியச் சாப்பாடு. பெயர் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான். கடல்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டைகளைப் பரிமாறினேன்.

"இது என்னங்க, கறுப்பா?" என்று முன்வரிசை அக்கா ஒருவர் கேட்டார்.

பாசி என்றால் முகம் சுளிப்பார்களோ என்று பயந்து, "சும்மா எலைதான்க்கா, உரிச்சுப் போட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று புளுகிவிட்டேன். மண்டபமே உரிக்க ஆரம்பித்தது.

அந்த அக்கா மட்டும் உரித்ததை முகர்ந்து, ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார்.

"ஏங்க, இது பாசியில்ல? இடுப்பளவு தண்ணியில நின்னு பாசி வளக்குற எங்ககிட்டயே எலைங்கிறீங்களே!"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "பிடிக்காதோன்னு பயந்து சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

அவரோ திரும்பி, "இங்கிட்டுப் பாருங்கடி! நம்ம பாசியோட ஒண்ணுவிட்ட தங்கச்சி சோத்துல உக்காந்திருக்கா!" என்று கத்தினார். தட்டோரம் கிடந்த பாசியெல்லாம் சிரிப்போடு வாய்க்குப் போனது.

"இத்தன வருசமா வளத்து, கம்பெனி லாரியில ஏத்திவிட்டதோட சரி. திங்கிறது இன்னைக்குத்தான்" என்று இன்னொன்று கேட்டு வாங்கினார்.

இப்போதெல்லாம் யாரும் கேட்கும் முன்பே, "கடல்பாசிங்க" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் பயந்து ஒளித்தது, அவர்களுடைய பிழைப்பை.