வாலுக்கு முட்டுக் கொடுக்காத விமானம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, அழைப்பை மதித்து வந்து எங்களோடு இலையில் அமர்ந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தச் சிறு நினைவு மலரை அளிக்கிறோம். உங்களில் சிலர் முன்பு வந்தபோது கூடத்து அலமாரியின் மேல் நிற்கும் சாம்பல் நிற விமானத்தைக் காட்டி, "இது யாரோட பொம்மை?" என்று கேட்டீர்கள். பொம்மை என்ற சொல் அக்காவின் காதில் விழுந்திருந்தால் உங்களுக்குப் பாயசம் கிடைத்திருக்காது. அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கொச்சங்காடியில், மிளகுக் கிடங்குக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில். அப்பா மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அப்பா திடீரென்று போனபோது அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, பல் கட்டும் லேப் ஒன்றில் சேர்ந்தார். மெழுகில் பல்வரிசை அமைத்து, அக்ரிலிக்கில் வார்த்து, மெருகேற்றும் வேலை. அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். மீனாவைப் பார்த்து எனக்குக் கட்டி வைத்தார். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கடற்படைத் தளத்திலிருந்து எழும்பும் விமானங்கள் எங்கள் ஓட்டை உரசுவது போலப் போகும். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் அக்கா வெளியே ஓடி அண்ணாந்து பார்ப்பார். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் விமானங்கள் கடைகளில் கிடைக்கும் என்று தெரிந்த நாள் முதல் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. லேப்பில் தேய்ந்து கழித்த கருவிகளைக் கொண்டுவந்து சுரண்டுவார், உரசுவார். "பல்லுக்கும் றெக்கைக்கும் ஒரே விதிதான், ஒட்டுன இடம் தெரியக் கூடாது" என்பார்.

கடைசியாகச் செய்தது இந்தப் பெரிய ஜெட். முன்பு செய்தவை உள்ளங்கையில் அடங்கும். இதைத் தூக்க இரண்டு கை வேண்டும். விமானி இருக்கையின் பெல்ட்டை மாத்திரை அட்டையின் ஈயத்தாளில் வெட்டினார். புகை படிந்த இடம், எண்ணெய் ஒழுகிய இடம், பாதம் பட்டுப் பெயிண்ட் தேய்ந்த இடம் எல்லாம் ஊசித் தூரிகையால் வரைந்தார். மழைக்காலத்தில் இறக்கைகளுக்கு அடித்த பெயிண்ட் ஈரக்காற்றில் வெளுத்துப் பூத்தபோது, முழுவதையும் உரசி எடுத்துவிட்டு வெயிலுக்காகக் காத்திருந்தார். அப்போதுதான் அவருடைய வயிற்றுவலி ஆரம்பித்தது.

கட்டி என்றார்கள். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன் விமானத்தைச் சக்கரத்தில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும் என்பது அக்காவின் ஒரே பிடிவாதம். ஞாயிறு மதியம் கடைசிச் சக்கரத்தையும் பொருத்தி, மேசையில் இறக்கிக் கையை எடுத்தார்.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது.

இவ்வகை விமானங்களுக்கு வால் பக்கம் கனம் அதிகம். உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே மூக்குக்குள் எடை வைத்துவிட வேண்டும். அதற்காக மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைத் தோப்பும்படிக் கடைவீதியிலிருந்து வாங்கி வைத்திருந்தார். திறந்து பார்த்தால், அவை டப்பாவில் அப்படியே இருந்தன. அக்கா எதையும் மறக்கிறவர் இல்லை. ஆனால் அந்தப் பாதிகளை ஒட்டிய அன்றுதான் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது.

"வாலுக்கு அடியில ஒரு குச்சி வச்சா போதாதாக்கா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் மீனா.

"எனக்குத் தெரியும்ல? முட்டுக் கொடுத்து நிக்க வைக்கறதுக்கா இத்தனை மாசம் ஒட்டினேன்?"

ஈயக்குண்டுகளைத் துணியில் முடிந்து மூக்கு நுனியில் கட்டிப் பார்த்தார். மூக்கு இறங்கியது. ஆனால் உள்ளே வைக்கும்போது அவை நுனிக்கு வராது, கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். அப்போதும் இதே எடை போதுமா? உள்ளே இடம் இருக்குமா? வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அக்காவோடு லேப்பில் வேலை செய்யும் மலையாளப் பெண் ஷைலா சிறு டிரில்லோடு வந்து சேர்ந்தார். விமானத்தைக் கவிழ்த்து நான் பிடித்துக்கொள்ள, முன்சக்கரக் குழியின் வழியாக அக்கா துளை போட்டார். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும். அழுத்தினால் ஒட்டு பிளக்கும். நடுவில் வலி வந்து இரண்டு முறை நிறுத்தினார். "நான் போடட்டுமாக்கா?" என்றேன். "நீ அசையாம பிடிடா, அது போதும்" என்றார். குண்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய், இனிக் கொள்ளாது என்ற இடத்தில் நின்றன. டப்பாவில் சில மிஞ்சிவிட்டன.

அவை வால் பக்கம் உருளாமல் இருக்கப் பசை ஊற்றி, அது இறுகிய பிறகுதான் விமானத்தை நிறுத்திப் பார்க்க முடியும். அக்காவிடம் இருந்தது இறுக ஒரு நாள் முழுக்க ஆகும் பசை.

"சேச்சி, லேப்புல உள்ள பவுடரும் லிக்விடும் போரே? பத்து மினிட்டு மதி, கல்லு போல ஆகும். சேச்சிக்கு இன்னிக்கே காணாம்" என்றார் ஷைலா. பல் வார்க்கும் அந்தக் கலவை போதும், பத்து நிமிடத்தில் இறுகிவிடும், அன்றைக்கே பார்த்துவிடலாம் என்கிறார்.

அக்கா அந்த மூக்கை விரலால் தடவினார். அன்றே அது நிற்பதைப் பார்ப்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எங்களுக்குத் தெரியும்.

"வேணாம் ஷைலா. அந்த லிக்விடு இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்னுடும். சூட்டுல மூக்கே கோணிப்போகும். நான் பாக்கறதுக்காக இதைக் கெடுக்க முடியாது."

மெதுவாக இறுகும் பசையையே ஊற்றினார். பழைய பருத்திச் சேலையைப் பக்கெட்டில் சுருட்டி வைத்து, விமானத்தை மூக்கு கீழே இருக்கும்படி அதில் இறக்கி நிறுத்தினார். "நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் ஆட்டோவில் ஏறினார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் என்னிடம் கேட்டது, "நிக்குதா?"

"இன்னும் எடுக்கலைக்கா. நீ வந்து எடு."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காய்ச்சல் கண்டது. அக்கா வீட்டுக்கு வரவில்லை.

அதன் பிறகும் பக்கெட் அதே மூலையில் இருந்தது. மீனா அதைச் சுற்றிப் பெருக்கினாள். எடுத்து வைத்து அது மறுபடி வாலில் உட்கார்ந்துவிட்டால்? அந்த மூக்கை இன்னொரு முறை திறக்க எங்களில் யாருக்கும் கை வராது. எடுக்காமல் இருக்கும்வரை அக்கா தோற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் புறப்பட்ட பின் ஷைலா மட்டும் இருந்தார். "சேச்சி வரும்னு இனியும் வச்சிருக்கணுமா? எடுக்கு" என்றார். எடுத்தேன். மேசையில் மூன்று சக்கரங்களும் படும்படி இறக்கினேன். ஆனால் வாலுக்கு அடியில் கொடுத்திருந்த விரலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"விரலை எடுங்க" என்றாள் மீனா. எடுத்தேன். வால் லேசாக ஆடியது. மீனா என் தோளை இறுகப் பிடித்தாள். ஆட்டம் நின்றது. விமானமும் நின்றது. அக்கா போன அன்றுகூட அழாத நான் அப்போது வாய்விட்டு அழுதேன்.

அக்காவைக் கடைசி வரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிடும் முன்பே ரத்தம் கொடுக்க வந்த தெருப் பிள்ளைகளுக்கும், அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத குறை தெரியாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், உடன்பிறவாத் தங்கையாய் நின்ற ஷைலாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். புறப்படும் முன் அலமாரி அருகே வந்து, அந்த விமானத்தின் வாலுக்கு அடியில் ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை.