மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம்

போன மாதம் தெமோதரை ஸ்டேஷனுக்கு இறங்கும் வளைவில் ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. கூரைமேல் கூடாரம், பக்கவாட்டில் காயப்போட்ட துவாய்கள், உள்ளே அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். நீளமான வெளிநாட்டு நம்பர் தகடு. ஸ்டியரிங் இடப்பக்கம். என்னோடு வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குழந்தைகளைப் பார்த்துக் கையசைத்தார்கள். எனக்கு மட்டும், "இதுக்குப் பெர்மிட் என்னைக்கு முடியுதோ?" என்று வாயில் வந்துவிட்டது. என் மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா, ஒங்களுக்கு வேற யோசனையே வராதா?" என்றாள். வராது. ஏன் வராது என்று அவளுக்குச் சொல்லி முடிக்க அந்த வளைவில் நேரம் போதவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இருபது வயதில் நான் பதுளைக் கச்சேரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்தேன். கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள்; மாவட்டச் செயலகத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையில் ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் வந்து கடைக் கதவைத் திறந்தால் ரிப்பன் மையும் கார்பன் தாளும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் விரல் நுனி நீலம் போகாது. சோறு பிசையும்போது அம்மா அதைப் பார்த்து முகம் சுளிப்பாள். நானோ அதை உத்தியோகத்தின் அடையாளமாக நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவே வைத்திருந்தேன்.

பெருமைக்கு ஏற்ற படிப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் முதலாளியின் மாதிரிக் கொப்பிக்குள் இருந்தது. காணாமல்போன அடையாள அட்டைக்கு ஒரு கடிதம், தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, இடமாற்றத்துக்கு ஒன்று என்று நாற்பது ஐம்பது மாதிரிகளை அவர் அதில் எழுதி வைத்திருந்தார். "பேர மாத்து, நம்பர மாத்து, மிச்சத்துல கைய வைக்காத," என்பது அவருடைய கட்டளை. நான் கீழ்ப்படிதலில் கெட்டிக்காரி. ஒரு நாளைக்கு இருபது கடிதம் அடிப்பேன். அடித்ததில் பாதி என்ன சொல்கிறது என்று எனக்கே தெரியாது.

அந்தக் கடைக்குத்தான் அருளப்பன் அண்ணன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். அப்போது அப்புத்தளையில் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தொரசாணி என்றுதான் அவர் சொல்வார். அந்த அம்மாள் மலைக் காற்று உடம்புக்கு ஆகும் என்று வந்து, பழைய பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். வரும்போது தம்முடைய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். சாம்பல் நிறக் கார், அவர் நாட்டு நம்பர், இடப்பக்க ஸ்டியரிங். அதை இங்கே ஓட்டலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும். மூன்று மாதம் முடியுமுன் கொழும்புக்குக் கடிதத்தோடு போய்த் தவணையை நீட்டிக்கொண்டு வரவேண்டும். தவறினால் காரைப் பிடித்துக்கொள்வார்கள்.

அண்ணன் தவறவிட்டதே இல்லை. கோயில் கலண்டரில் தேதியைச் சிவப்பாக வட்டம் போட்டு வைத்திருப்பார். பத்து நாளைக்கு முன்பே ஃபைலோடு கடைக்கு வந்து நிற்பார். "தங்கச்சி, நம்ம ஆளுக்கு மருந்து முடியப் போகுது. ஒரு துண்டு அடிச்சுக் குடு," என்பார். ஆள் என்றது காரை, மருந்து என்றது பெர்மிட்டை. நான் கொப்பியைப் புரட்டி, பெயரையும் நம்பரையும் மாற்றி அடித்துக் கொடுப்பேன். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். குறித்த காலம் முடிந்ததும் மேற்படி வாகனம் இந்நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லப்படும் என உறுதியளிக்கிறேன். தொரசாணி கையெழுத்துப் போடுவார். அண்ணன் அந்தக் காரிலேயே கொழும்புக்குப் போய் முத்திரை வாங்கி வந்து, அதை எனக்கும் ஒரு முறை காட்டிவிட்டுத்தான் அப்புத்தளைக்குத் திரும்புவார்.

அது சண்டைக் காலம். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவே எத்தனை சோதனைச் சாவடி! பஸ்ஸில் போனால் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். அண்ணனின் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. பொலிஸ்காரர் வழக்கம்போல வலப்பக்க ஜன்னலுக்குத்தான் வருவார். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் தொரசாணி உட்கார்ந்திருப்பார். அவர் இல்லாத நாளில் அந்த சீட்டில் ஃபைல் இருக்கும். பொலிஸ்காரர் ஒரு கணம் தடுமாறி, ஃபைலைப் புரட்டி, முத்திரைகளைப் பார்த்து, சலாம் போட்டு அனுப்பிவிடுவார். மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற அண்ணனிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. இதை அவர் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஏன் சிரித்தார் என்பது எனக்கு விளங்கியது பிறகுதான். ஒரு தடவை, தொரசாணிக்குப் பதிலாக இந்த அலுவலுக்கு இன்னாரை அனுப்புகிறேன் என்று ஒரு கடிதம் வேண்டும் எனக் கொழும்பில் கேட்டார்கள். அதில் அண்ணனுடைய அடையாள அட்டை இலக்கம் வேண்டும். கேட்டேன். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தார். பைக்குள் இந்தியப் பாஸ்போட். விசா முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல்.

"அந்தக் காலத்துல தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்பப் பேர் எழுதினாங்களே, அப்பா அதுக்குப் பேரக் குடுத்துட்டாரு. லயத்துல எல்லாரும் குடுத்தாங்கன்னு இவரும் குடுத்தாரு. பாஸ்போட் வந்துச்சு. போறதுக்குள்ள அம்மா படுத்துட்டா. அப்பறம் கப்பலும் நின்னுபோச்சு," என்றார்.

"நீங்க பொறந்தது எங்கண்ணே?"

"தோட்டத்து ஆஸ்பத்திரியிலதான். வேற எங்க?"

அவருடைய தங்கை செபமாலை அக்கா இலங்கைப் பிரஜை. அவர் கட்டிக்கொண்ட குடும்பம் பிரஜாவுரிமைக்குப் போட்டுக் கிடைத்த குடும்பம். தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில் வளர்ந்த அண்ணன் மட்டும் வெளிநாட்டுக்காரர். விசாவை ஏன் புதுப்பிக்கவில்லை என்று கேட்டதற்கு, "போயி நின்னா, இவன் இங்க இருக்கான்னு எழுதிக்குவாங்க. அப்பறம் புடிச்சு அனுப்பிருவாங்க," என்றார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், இருந்த இடத்திலேயே இருப்பது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன். தெமோதரையைத் தவிர அவருக்கு வேறு சொத்தும் இல்லை.

தொரசாணி வைத்தியத்துக்காக ஊருக்குப் போனார். நான் வரும்வரை காரைச் சட்டப்படி வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இரண்டு தவணை நீட்டினார். பிறகு, இனி வர முடியாது, காரைத் திருப்பி அனுப்பிவிடு என்று கடிதம் வந்தது. பெர்மிட் முடிவதற்கு முதல் நாள் அவர் காரைக் கழுவித் துடைத்து, ஃபைலைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு ஓட்டிப்போனார். வழியில் எல்லாச் சாவடியிலும் சலாம். துறைமுகத்தில் காரையும் ஃபைலையும் ஒப்படைத்துவிட்டு, பதுளை ரயில் பிடிக்கக் கோட்டை ஸ்டேஷனுக்கு நடந்தார். பாதி வழியில் ஒரு பொலிஸ்காரர் அடையாள அட்டையைக் கேட்டார்.

மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். செபமாலை அக்காவும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் பிறப்புச் சான்றிதழோடு போய் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். சட்டப்படி விசா எடுக்காவிட்டால் அடுத்த தடவை விடமாட்டோம் என்று சொல்லித்தான் விட்டார்கள். கண்டியில் இருக்கும் இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போய்ப் பாஸ்போட்டைப் புதுப்பித்துக்கொண்டு அண்ணன் கடைக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். "இந்தத் தடவ எனக்கு ஒரு துண்டு அடிச்சுக் குடு தங்கச்சி," என்றார்.

இப்படிப்பட்ட கடிதத்துக்குக் கொப்பியில் மாதிரி இல்லை. முதலாளி அன்று கடைக்கு வரவில்லை. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். கொப்பியில் இருந்ததிலேயே நெருங்கியது காருக்கு அடித்த கடிதம்தான். அதுவும் வெளிநாட்டில் பதிவானது, இங்கே இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் இருக்க அனுமதி கேட்கிறது. பெயரை மாற்றினேன், நம்பரை மாற்றினேன். மிச்சத்தில் கை வைக்கவில்லை. வாகனம் என்று வந்த இடங்களில் நான் என்று போட்டேன், அவ்வளவுதான். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். "காருக்கு எழுதுறது மாதிரிதாண்ணே," என்றேன். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

விசா கிடைத்துவிட்டது! அந்த முத்திரையைக் காட்ட அவர் வந்த நாளை என்னால் மறக்க முடியாது. ஒரு பை நிறையப் பியர்ஸ் பழம் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அவர் இங்கே இருக்கலாம் என்று ஓர் அரசாங்கம் பதினைந்து வருடத்துக்கு மேலாகி இப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு மனுஷன் நடையே மாறிவிட்டது. சாவடியில் பஸ் நின்றால் முதல் ஆளாக இறங்கி, பாஸ்போட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். வேலை இல்லாத நாளிலும் பதுளைக்கு வந்து கடைத்தெருவைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். மூன்று மாதம் கழித்து அதே கடிதத்தை மறுபடி அடித்தேன். மறுபடியும் முத்திரை கிடைத்தது.

மூன்றாவது கடிதத்தைக் கொண்டுபோனவர் மறுநாளே கடை வாசலில் நின்றார். கையில் கார்பன் பிரதி. கொழும்பில் கடைசி வரியை வாசித்துக் காட்டி, எப்போது போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"தங்கச்சி, இதுல நா போறேன்னு எழுதியிருக்கா?"

வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியை அன்றுதான் முதல் தடவையாக வாசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? குறித்த காலம் முடிந்ததும் நான் இந்நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லப்படுவேன் என உறுதியளிக்கிறேன். கீழே அவர் கையெழுத்து. இப்படி மூன்று தடவை.

"ஆமாண்ணே," என்றேன்.

"காருக்கு எழுதுனதுதானா?"

"ஆமாண்ணே."

பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, "சரி விடு. ஒனக்கு அதத்தான எழுதிப் பழக்கம்," என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டச்சு மெஷின்மேல் தலையை வைத்து அழுதேன்.

அன்றிரவு கொப்பியைத் தொடாமல், அகராதியை வைத்துக்கொண்டு, என் சொந்த இங்கிலீஷில் முதல் கடிதத்தை எழுதினேன். இவர் இங்கேதான் பிறந்தார். இவருடைய தாய் தகப்பன் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். முந்தைய கடிதங்களில் இருந்தது என்னுடைய பிழை, இவருடையது அல்ல. பிழை மலிந்த கடிதம்தான், ஆனால் அதில் பொய் இல்லை. நானே அவரோடு கொழும்புக்குப் போனேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மூன்று கடிதங்களையும் வரிசையாக மேசையில் வைத்து, "இந்தக் கையெழுத்து இவருடையதுதானே?" என்று கேட்டார். ஒரு மாதம் கொடுத்தார். கடைசித் தவணை என்று எழுதியே கொடுத்தார்.

போகாமல் இருந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். செபமாலை அக்காவும் கெஞ்சினார். இத்தனை வருடம் இருந்தவர்தானே, மலைக்குள் யார் வந்து தேடப் போகிறார்கள்?

"ஒளிஞ்சே இருந்தப்ப அது தெரியல தங்கச்சி," என்றார் அண்ணன். "ஆறேழு மாசம் பகல்ல நிமுந்து நடந்துட்டேன். இனிமே என்னால பதுங்க முடியாது."

தெமோதரை ஸ்டேஷனில் ரயிலேறினார். ஒரே ஒரு பெட்டி. தங்கையின் தலையில் கை வைத்தார். என்னிடம், "வேலய விட்றாத," என்று மட்டும் சொன்னார். திருச்சிக்குப் பக்கத்தில் அவருடைய தாத்தாவின் ஊர் என்று ஒரு பெயர் பாஸ்போட்டில் இருந்தது. அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டார். அங்கே எல்லோரும் அவரைச் சிலோன்காரர் என்று கூப்பிடுகிறார்களாம்.

ஒரு வருடம் கழித்து சட்டம் வந்தது. எங்கள் ஆட்களில் பிரஜாவுரிமை இல்லாமல் இங்கே இருந்தவர்கள், இந்தியப் பாஸ்போட் வைத்திருந்தவர்கள்கூட, ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார்கள். படிவம் நிரப்பக் கை போதாமல் என்னைப் போன்றவர்களையும் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிப்போனார்கள். அருளப்பன் அண்ணனின் தோட்டத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எண்பது வயதுக் கிழவர்கள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்கள்.

அந்தக் காலத்தில் இருந்தது எதுவும் இப்போது மிச்சம் இல்லை. சாவடிகளை எடுத்துவிட்டார்கள். டைப்பிங் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அப்புத்தளைப் பங்களா ஹோட்டலாகிவிட்டது. அண்ணன் பிறந்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூரைகூட இல்லை. திருச்சிக்கு நான் போட்ட கடிதங்களில் கடைசி இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிவம் எழுதிய அந்த இரண்டாம் நாள் பின்னேரம், வரிசை முடிகிற நேரத்தில், செபமாலை அக்கா வந்தார். கையில் அண்ணனின் பாஸ்போட் அளவுப் படம். இவருக்கும் ஒன்று எழுது என்றார். ஆள் நேரில் வரவேண்டும், நாட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் இது என்று பக்கத்திலிருந்த உத்தியோகத்தர் தன்மையாக எடுத்துச் சொன்னார். அக்கா நகரவில்லை. "எழுதியாச்சும் வையி," என்றார்.

எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் தெமோதரை. இலங்கைப் பிரஜையாக இருக்க விரும்புகிறேன் என்ற வரி படிவத்திலேயே அச்சாகியிருந்தது. நான் எழுத அதில் ஒன்றும் இல்லை. அதன் கீழே கையெழுத்துக்கு விட்ட கோட்டின் மேல் அக்கா விரலை வைத்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தைப் பூட்ட வந்த ஆள், போகலாமா என்று கேட்கும்வரை நின்றார்.