தாராவியிலிருந்து தாணேக்கு, நின்று நின்று

பம்பாய் போய் வந்தவன் என்று தெரிந்தால் ஊரில் எல்லோரும் கடலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாடி பஸ்ஸில் ஏறினாயா, சினிமாக்காரர்களின் வீட்டைப் பார்த்தாயா என்கிறார்கள். நான் பார்த்தது ஒரு பழைய வேனின் உட்புறத்தையும் அதை ஓட்டிய என் தங்கை புருஷனின் முதுகையும்தான். தாராவியிலிருந்து தாணே பதினைந்து மைல். அதற்கப்பால் மலைச்சரிவில் மூன்று மைல். அந்த வழியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கடல் வேண்டுகிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் தாதரில் இறங்கினேன். இரண்டு நாள் ரயில் கரி கண்ணில் உறுத்தியது. சுடலைமுத்து வேனோடு வந்திருந்தான். போன யுத்தத்தில் பட்டாளத்துக்கு உழைத்துவிட்டு ஏலத்துக்கு வந்த வண்டி அது. தாராவியில் பதனிட்ட தோலை மாஹிமுக்கும் தாதருக்கும் ஏற்றிச் செல்வது அவன் பிழைப்பு. முன்னால் வாடிய வாழைக்கன்று இரண்டு கட்டியிருந்தது. விளக்கு, ஸ்டீயரிங், ரேடியேட்டர் மூடி, பெட்ரோல் மூடி என்று எங்கு பார்த்தாலும் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

"எல்லாம் உங்க தங்கச்சி வேலைதான் மச்சான்" என்றான். "படுத்துக் கெடன்னு சொன்னா கேக்கல. செவத்தப் பிடிச்சிக்கிட்டே எந்திரிச்சு வந்து, கண்ணு இருக்குற எடம், வாய் இருக்குற எடம் ஒண்ணு விடாம வச்சிட்டா. வண்டி நல்லா ஓடுனாத்தான் நான் பிழைப்பேன்னு சொல்லுதா."

என் தங்கை பேச்சியம்மாளுக்குக் காசம். கடிதம் கண்டுதான் நான் லீவு போட்டு வந்திருந்தேன். தாணேக்கு அப்பால் உள்ள காச ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்று சொல்லி, நான்கு மாதக் காத்திருப்புக்குப் பிறகு ஒரு கட்டில் காலியாகியிருந்தது. அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் காரியம்.

மாஹிம் தாண்டும்போது வண்டி ஒரு முறை குலுங்கி, இழுவை குறைந்து, மறுபடி சரியாயிற்று.

"நேத்து சாயங்காலத்துலேருந்து இப்படி ஒரு கோளாறு" என்றான் சுடலைமுத்து. "அக்டோபர் கர்மி. இந்த ஊர்ல மழை விட்டதும் வெயில் அடுப்பு மாதிரி எரியும். எஞ்சின் சூடாயிடுது."

இன்னொன்றும் சொன்னான். பெட்ரோல் வாடை பட்டாலே பேச்சிக்கு இருமல் கிளம்புகிறதாம். மூடியின் பழைய வாஷர் நைந்து போய் வாடை கசிந்துகொண்டிருந்ததால், பூஜைக்கு முதல் நாள்தான் புது ரப்பர் வாஷர் போட்டிருக்கிறான். "இப்ப மூக்க வச்சுப் பாத்தாலும் வாடை வராது மச்சான்" என்றான். பெண்டாட்டி மேல் இவ்வளவு கரிசனம் உள்ளவனா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை புறப்பட்டோம். வேனைப் பினாயில் விட்டுக் கழுவியிருந்தான். தோல் நாற்றம் போனபாடில்லை. ஓட்டுகிறவன் ஆசனத்துக்குப் பின்னால், பெட்ரோல் வாய் இருக்கும் பக்கமாகத் தலை வைத்து, ஜமுக்காளத்தில் பேச்சியைப் படுக்க வைத்தோம். தூக்கியது நான்தான். வயது வந்த ஒரு பெண்ணைத் தூக்கிய கனம் கையில் இல்லை.

டாக்ஸி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன். போன மாதம் பார்த்தாயிற்று என்றான். "இருமலக் கேட்டதும் எறங்குன்னுட்டான். யாரு ஏத்துவா?"

பத்து மணிக்கு மாதுங்காவில் டாக்டர் வீடு. நம் பக்கத்துக் காப்பி வாசனையும் கறிவேப்பிலைக் கட்டும் பூக்கடையுமாக அந்தத் தெரு கும்பகோணத்தைத் தூக்கி வைத்தது போல் இருந்தது. ஒரு கிளாஸ் காப்பி இருபது பைசா. வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. டாக்டர் சீட்டைக் கொடுத்துவிட்டு வாசல் வரை வந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள போய்ச் சேந்துடுங்கோ. அதுக்கு மேல கட்டிலை வச்சிண்டிருக்க மாட்டா. அடுத்த ஆள் வாசல்லயே காத்துண்டிருப்பான்."

பதினெட்டு மைலுக்கு ஏழு மணி நேரம். நடந்தே போய்விடலாம் போலிருக்கிறதே என்று நான் சொன்னேன். பேச்சி சிரித்தாள். வழியில் நிற்கக் கூடாதென்று சுடலைமுத்து கழுத்து முட்டப் பெட்ரோல் போட்டுக்கொண்டான்.

சயான் மேட்டில் வண்டி முதல் முறை காலை வாரியது. சட்டென்று நின்றுவிடவில்லை. அவன் காலை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. இழுக்கிற மாடு பாதி வழியில் யோசிப்பது போல இரண்டு குலுங்கு குலுங்கி, அப்புறம் ஓய்ந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டின. சுடலைமுத்து பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றினான். கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். பிறகு ஸ்டார்ட் ஆகி, ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

"பாத்தீங்களா? சூடுதான்" என்றான்.

குர்லா பக்கம் மறுபடி அதே கதை. இந்த முறை அவனுக்குச் சந்தேகம் வந்து பெட்ரோல் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். பெட்ரோல் மேல் வரை நின்றது. மூடினான், கிளப்பினான், வண்டி பறந்தது. காரணம் தெரியாமல் குணமான வியாதியைப் போல அது எங்களைப் பயமுறுத்தியது. இப்படியே தாணேக்குப் போவது ஆபத்து என்று செம்பூருக்குத் திருப்பினான். அங்கே அகதி முகாமில் அவனுக்குத் தெரிந்த சிந்தி மெக்கானிக் ஒருவர் இருந்தார். பிரிவினையின்போது கராச்சியை விட்டு வந்தவராம்.

செம்பூரில் இரண்டு மணி நேரம் போயிற்று. மெக்கானிக் நிதானமான மனிதர். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, டாங்கி மூடியைத் திறக்கச் சொல்லிப் பெட்ரோல் குழாயிலும் வாய் வைத்து ஊதினார். உள்ளங்கையில் கொஞ்சம் கறுப்புத் தூசியை வைத்து எங்களிடம் காட்டினார். "கச்ரா!" என்றார். குப்பைதான் காரணம், இனி பயமில்லை என்பது அதன் பொருள். வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று ஓட்டியும் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. வேப்ப மரம் ஒன்றின் நிழலில் நிறுத்தியிருந்த வேனுக்குள் பேச்சி இருமி இருமிக் களைத்துப் போயிருந்தாள். அவள் வாயைத் துடைத்த துணியை நான் வாங்கிச் சுருட்டி வைத்தேன். அதில் இருந்த சிவப்பை அவள் புருஷனிடம் காட்டவில்லை.

காட்கோபர் வரை ஒரு குறையும் இல்லை. சுடலைமுத்து விசிலடிக்கக்கூட ஆரம்பித்தான். இரண்டு பக்கமும் மில் புகை, பெயின்ட் கம்பெனி நாற்றம், தகரக் கொட்டகை. முலுண்டுக்கு முன்னால் விசில் நின்றது. வண்டியும் நின்றது.

அப்போது மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிளக்கைக் கழற்றி மணல் காகிதம் போட்டுத் தேய்த்தான். காயிலைத் தொட்டுப் பார்த்தான். கண்டென்சரை மாற்றினான். மாற்றி முடிப்பதற்குள் வண்டி தானாகச் சரியாயிற்று. எதனால் சரியாயிற்று என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இரண்டு மைல் போனதும் பழையபடி குலுங்கியது.

"குடுத்த காசுக்கு ஒழுங்கா ஒரு வண்டி வச்சிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். அவன் ஸ்டீயரிங்கில் இருந்த சந்தனப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தாணேயைத் தாண்டி மலைச்சரிவில் ஏறும்போது மணி ஐந்தாகப் போகிறது. தூரத்தில் மரங்களுக்கு மேலே ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கூரை தெரிந்தது. அங்கே வைத்து வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தேன். மேடு ஒரு மைலுக்குக் குறையாது. தூக்கினால் அவளுக்கு ரத்தம் பொங்கும். எதிரே ஒரு மாட்டு வண்டிகூட வரவில்லை.

சுடலைமுத்து வேறு வழி தெரியாமல் மறுபடி பெட்ரோல் குச்சியை எடுத்தான். மூடியைத் திறந்தான். அப்போது உள்ளேயிருந்து பேச்சியின் குரல் கேட்டது.

"ஏங்க, அந்த மூடியத் தெறக்கும்போதெல்லாம் உள்ள உஸ்ஸுன்னு மூச்சு வாங்குதே, அது என்ன?"

"என்னது?"

"குர்லாவுலயும் கேட்டுச்சு. செம்பூர்லயும் கேட்டுச்சு. மூச்சு வாங்குன பெறவுதான் நல்லா ஓடுது. எனக்கும் இப்பிடித்தான் இருக்கு, ஒரு மூச்சு உள்ள போயிட்டா செத்த நேரம் தெம்பா இருக்கு."

சுடலைமுத்து மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போவது அந்தத் துளை வழியாகத்தான். காற்று போகாவிட்டால் டாங்கி பெட்ரோலை விடாது. துளையின் மேல் கட்டை விரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. வருஷா வருஷம் அங்கே பொட்டு வைப்பதுதான். அப்போதெல்லாம் நைந்த வாஷர் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் அதையும் அவன் அடைத்துவிட்டான்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொல்லாதே என்று அவன் கண் கெஞ்சியது.

"பேச்சி, ஒரு ஊக்கு இருந்தாத் தா" என்றான். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அவள் தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குத்தி, சுரண்டி, ஊதினான். குங்குமம் ஒட்டிய விரலைப் பேன்ட்டில் தேய்த்தான்.

"என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. ரோட்டுப் புழுதி."

ஊக்கைத் திருப்பிக் கொடுத்தான். அவசரத்தில் அதைத் துடைக்க மறந்துவிட்டான். அதன் முனையைப் பேச்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்து, தாலிக் கயிற்றில் மறுபடி கோத்துக்கொண்டு, வேன் தகரத்தின் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

வண்டி அந்த மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. வார்டு வாசலில் ஒரு நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்து, உள்ளே கை காட்டினாள். கடைசிக் கட்டிலில் ஒரு கிழவர் புதுப் போர்வைக்குள் கண் மூடிக் கிடந்தார். பக்கத்தில் அவருடைய மகள் செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சண்டை போடலாம் என்று போனவன், அந்தப் பெண்ணைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். அடுத்த கட்டில் தீபாவளிக்கு அப்புறம் என்றார்கள். திரும்பி வரும்போது வண்டி எங்கும் நிற்கவில்லை.

பேச்சி தீபாவளி வரை இருக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், இருமல் அடங்கியது போலிருந்தது. தண்ணீர் கேட்டாள், கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று மாதுங்கா டாக்டரைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். பிழைத்திருக்க மாட்டாள் என்று சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் தூங்கியிருப்போம்.

நான் ஊர் திரும்பிய அன்று சுடலைமுத்துதான் தாதருக்குக் கொண்டு வந்து விட்டான். தாராவிச் சந்துகளில் பையன்கள் வெடி போட ஆரம்பித்துவிட்டார்கள். வண்டியில் எல்லாப் பொட்டும் அப்படியே இருந்தது; விளக்கில், ரேடியேட்டரில், ஸ்டீயரிங்கில், அவள் விரல் பதிந்தபடி. ஒன்றை மட்டும் காணோம். ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் அவன் பெட்ரோல் மூடியைத் திறந்தான். சட்டைப் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்துத் துளையில் விட்டு எடுத்தான். மூடியைக் கண்ணருகே உயர்த்தி, துளை வழியாக வானத்தைப் பார்த்தான். அடைப்பு ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு முறை விட்டு எடுத்தான்.

"நல்லா ஓடுதுல்ல மச்சான்?" என்று கேட்டான்.

"நல்லா ஓடுது மாப்ளே" என்றேன்.

இப்போது ஊரில் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், பஸ்களுக்கெல்லாம் பொட்டு வைக்கிற பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் போவதில்லை.