கழற்றிய கம்பித் தடுப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ரவாங்கில் ஓர் அட்டைப்பெட்டி பேக்டரியில் தரம் பார்க்கும் வேலை செய்தேன். வெளிநாட்டுக் கம்பெனி. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு அதன் பஸ் வரும். செம்பனைக்குலை தூக்குவதைவிட இது மேல் என்று நம்பித்தான் ஏறினோம். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பெட்டி செய்தே கம்பெனி வீங்கியது. மூன்றாவது லைன் வந்தது.

அந்த லைனில் அட்டை வெட்டும் மெஷினில் எங்கள் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீடுகளில் குடியிருந்த அக்கா நின்றார். மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அதைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். அட்டை சிக்கும்போதெல்லாம் திறக்க வேண்டியிருந்ததால், நேரம் வீணாகிறதென்று மேனேஜர் தடுப்பையே கழற்றச் சொன்னார். கழற்றியபோது பக்கத்தில்தான் நின்றேன்.

“ஆபத்து லா அண்ணே,” என்றேன் சூப்பர்வைசரிடம்.

“மேலேருந்து ஆர்டர். நீ ஒன் வேலையப் பாரு.”

இரண்டே வாரம். அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவரை வேனில் ஏற்றிய கையோடு, ரத்தம் பட்ட அட்டைகளைப் பொறுக்கி ஒதுக்கச் சொன்னார்கள். தரம் பார்ப்பவள் நான்தானே. ஒதுக்கினேன். அதற்காக இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

விசாரிக்க அரசாங்க அதிகாரி வந்த அன்று தடுப்பு மறுபடியும் அதன் இடத்தில் இருந்தது, புதுப் பெயிண்டோடு. அக்காவே கவனமில்லாமல் அதைக் கழற்றினார் என்று டைப் அடித்த தாளை மேனேஜர் என் முன்னால் தள்ளினார். சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். நான் தாளைத் தொடவில்லை. நேரே அதிகாரியிடம் போய், கழற்றச் சொன்னது யார், கழற்றியது யார் என்று மலாயில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு ஆர்டர்கள் குறைந்தன. கம்பெனி தடுமாறியது, மூன்றாவது லைனை மூடினார்கள். “நாம் எல்லாரும் ஒரே குடும்பம்” என்று மேடையேறிப் பேசிவிட்டு வேலை நீக்கப் பட்டியலை ஒட்டினார்கள். முதல் பெயர் அக்காவுடையது, இரண்டாவது என்னுடையது. மேனேஜருக்கோ வேறு நாட்டில் இதைவிடப் பெரிய பேக்டரி கிடைத்தது.

யூனியன் விடாமல் அலைந்ததில், தப்பு கம்பெனியுடையது என்று கடைசியில் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

“தப்பு அவனுங்களுதுன்னு எழுதியே குடுத்துட்டானுங்களா?”

“எழுதிட்டாங்கக்கா.”

“அத எங்க வீட்டுக்காரருகிட்ட படிச்சிக் காட்டு. நான்தான் பராக்குப் பாத்தேன்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நின்று கடிதத்தை மலாயில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி படித்தேன். அவர் நிமிரவே இல்லை. அக்கா கடிதத்தை இடது கையால் வாங்கி, அவர் மடியில் விரித்துப் போட்டார்.