இடப்பக்கம் திரும்பினால் பேசும் ரேடியோ

நான் சொல்லப்போவது முழுக்க உண்மை. அங்கங்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பேன், அவ்வளவுதான். சுருங்கிப்போன சட்டையை இழுத்துப் போட்டால் அது வேறு சட்டை ஆகிவிடுமா?

எங்கள் ஸ்டாண்டில் பிக்கப் ஓட்டுகிற லெஃப்ட் மாமாவின் கதை இது. பெயர் நாங்கள் வைத்ததுதான். ஒரே ஒரு மரச்சாமான் கடைக்கு லோடு அடித்துப் பிழைக்கிறவர். சோறு இல்லாமல்கூட இருப்பார். மத்தியானம் ரேடியோவில் வரும் தொடர் நாடகம் இல்லாமல் இருக்கமாட்டார்.

வண்டியோடு கம்பெனியிலேயே பொருத்தி வந்த ரேடியோ ஒருநாள் ஊமையாகிவிட்டது. முழு ஊமையும் இல்லை. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் பேசும். நேரானால் வாயை மூடிக்கொள்ளும். மாமா என்ன செய்தார்? இடப்பக்கமாகவே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ஏற்றின பீரோவோடு குடோனுக்குப் பின்னால் காலி மனையில் நாடகம் முடியும்வரை வட்டம் போடுவார். பீரோவுக்குத் தலை சுற்றிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. வலப்பக்க டயர் இரண்டும் என் தலை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. கீழே என்னவோ விசேஷம் என்று ஒரு பருந்தும் வந்து கூடவே சுற்றியது.

சாமான் எல்லாம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கடைக்கார அக்கா கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒரு விடுதிக்குக் கட்டில்கள் போகவேண்டும், அதுவும் தாமதமானால் இனி லோடு வேறு வண்டிக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அந்த லோடு போனால் மாமாவின் வண்டி வாசலில் கோழி அடையத்தான் ஆகும்.

அதனால் ரேடியோவை மாற்றிவிட முடிவு செய்தார். மாமாவின் மனைவி எங்களுக்கு அத்தை. அத்தையின் தம்பி வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். அவன் வந்து முன்பலகையை நெம்பி எடுத்து, பழையதை உருவினான். கம்பெனி ரேடியோ செத்துப்போச்சு என்று தீர்ப்பும் சொன்னான். புதியதை வைத்து, மஞ்சள் வயர், சிவப்பு வயர் எல்லாம் சேர்த்து, எர்த் எடுக்கிற கறுப்பு வயரை மட்டும் பழைய ஸ்குருவிலேயே முடுக்கினான். நின்ற வண்டியில் கணீரென்று பாடியது. மாமா அவனைக் கட்டிப்பிடித்ததில் அவனுக்கு விலா எலும்பு இடம் மாறியது என்று கேள்வி.

திங்கட்கிழமை கட்டில்களோடு கிளம்பினார்கள். மனுஷனை நம்ப முடியாது என்று அத்தையும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கடை வாசலைத் தாண்டியதும் புது ரேடியோ ஊமை. முதல் இடப்பக்கத் திருப்பத்தில், "என்னை மன்னிச்சிடு" என்று கதாநாயகன் குரல். நேரானதும் ஊமை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறான், எதற்குக் கேட்கிறான்? மாமாவின் கை ஸ்டியரிங்கில் அரிக்க ஆரம்பித்தது. பக்கத்திலேயே ஒரு காலி மைதானம் வேறு, வா வா என்றது.

"நேரா ஓட்டுங்க," என்றார் அத்தை. "அது பேசாட்டி என்ன, நான் பேசுறேன்."

அத்தை வீட்டில் அந்த நாடகத்தை ஒரு நாள் விடாமல் முழுசாகக் கேட்டவர். காலி மனைக்குப் போய்ச் சேரும்வரை மாமா கேட்டதெல்லாம் திருப்பங்கள் மட்டும். இதுவரை விட்டுப்போன கதையை அத்தை ஆளுக்கொரு குரலில் நடித்துச் சொல்லிக்கொண்டே வர, மாமா வாய் பிளந்து நேராகவே ஓட்டினார். விடுதி வாசலில் காவலாளி கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே வண்டி போய் நின்றது.

கட்டில்களை இறக்குகிற நேரத்தில் அத்தை ரேடியோவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"மருமகளை மாத்தியும் வீட்டுல சண்டை ஓயலன்னா, மாமியாரைத்தான் பாக்கணும்," என்றார்.

முன்பலகையைக் கழற்றிப் பார்த்தால், அந்தப் பழைய ஸ்குரு துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பிச் சாய்ந்தால் வயர் தொடும், நிமிர்ந்தால் விடும். அத்தை கொண்டை ஊசியால் துருவைச் சுரண்ட, மாமா ஸ்குருவை முடுக்கினார். திரும்பி வரும்போது நேர் ரோட்டில் ரேடியோ விடாமல் பேசியது. லோடும் கைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் நாடக நேரத்தில் மாமா அதை அணைத்துவிட்டு, ராத்திரி வீட்டில் கதையை அத்தையிடம் கேட்டுக்கொள்கிறார்.

இதை நேற்று ஸ்டாண்டில் சொல்லி முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"அப்போ பழைய ரேடியோ நல்லாத்தான் இருந்திருக்கு. அது எங்கடா?"

"செத்ததைத் தூக்கிப் போடச் சொன்னது நீங்கதானே மாமா?"

"போட்டியா?"

"போட்டேன். என் வண்டியில. நல்லாப் பாடுது."

சாகாததற்குக் கருமாதி பண்ணிவிட்டுச் சொத்தை அமுக்கிக்கொண்டான் என்று மாமா எகிறினார். கழற்றியவனுக்குத்தான் சொந்தம் என்றார் டீக்கடைக்காரர். கொண்டை ஊசிக்காரிக்குத்தான் இரண்டு ரேடியோவும் என்று டயர் கடைக்காரர் பெஞ்சைத் தட்டினார். பெஞ்சு கவிழ்ந்து மூன்று பேர் டீயோடு கீழே போனார்கள். இதில் ஒரு பொட்டுகூட இழுக்கவில்லை. சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நான் எழுந்தேன்.

"நீ வாயைத் திறக்காத," என்றார் மாமா. "கதை சொல்ல வந்துட்டான்."