நான் வாய் திறந்த இருபத்து மூன்று இடங்கள்

ஹைதராபாத் குஷாய்குடாவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசை. அதன்மேல் மடிக்கணினி, அதற்குப் பக்கத்தில் பாதி உரித்த பூண்டு, பூண்டுக்குப் பக்கத்தில் என் முழங்கை. அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசிலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அக்கா, அழைப்பின் மறுமுனையில் இருப்பவர்களுக்குச் சத்தம் போகாமல் இருக்க, மைக்கை அணைக்கும் பொத்தானைத் தேடித் திரை முழுக்க அம்புக்குறியை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பொத்தானை வடிவமைத்தவன் நான். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனும் அநேகமாக நான் ஒருவன்தான். "வலது பக்கம், மேல, மூணு புள்ளி இருக்கு பாருங்கக்கா" என்றேன். அக்கா அழுத்தினார், மைக் அணைந்தது. 'பதினொரு விநாடி, வெற்றி' என்று குறித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த, ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்டு மேடமும் தன் நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. அவர் எங்கள் ஆபீசில் இருந்த மூன்று வருடங்களில் நான் அதிகம் செய்த வேலை அவரை எட்டிப் பார்ப்பதுதான்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பேசிக்கொள்வதற்கான செயலி ஒன்றை ஹைதராபாதில் ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. அதன் திரைகளை வடிவமைக்கும் பிரிவில் நான் எட்டு வருடம் பழையவன், திருநெல்வேலியிலிருந்து வந்தவன். பக்கத்து சீட்டு மேடம் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதே ஊரில் போலாரத்துக்காரர். கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்து ஆபீசில் எழுத வந்தவராம். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் தமிழ் வாழ்கிறது, தெலுங்கையும் இந்த ஊர் உருதான தக்னியையும் வாடகைக்கு வைத்துக்கொண்டு. அவர் பேசினால் ஆபீசில் எல்லாருக்கும் புரியும். நான் பேசினால் எனக்கும் காவலாளிக்கும் புரியும், காவலாளி திசையன்விளை. மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஐந்து பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவார்கள். என் டப்பாவைத் திறந்தால் நானே கொஞ்சம் யோசிப்பேன். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த ஊர்ப் போக்குவரத்தில் வண்டி ஓட்டும் தைரியம் எனக்கு இல்லாததால், பயனர்களின் வீடுகளுக்கு அவருடைய ஸ்கூட்டரின் பின்னால், மடியில் பையை அணைத்துக்கொண்டு, ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடப்படும் பிள்ளையைப்போல உட்கார்ந்து போக வேண்டியிருந்ததுதான் தாங்கவில்லை.

மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அழைப்புத் திரைக்கு நான் ஒரு வடிவம், அவர் ஒரு வடிவம். தமிழ் பேசும் ஐந்து வீடுகளில் இரண்டையும் சோதித்துப் பார்ப்பது. எது தேறுகிறதோ அது வெளியே போகும், அதைச் செய்தவர் பிரிவுக்குத் தலைவர். அந்தத் தலைவர் பதவியை நான் ஏற்கெனவே மாமனாரிடம் சொல்லி முடித்திருந்தேன். வரவில்லை என்றால் திருநெல்வேலிப் பக்கம் போவதையே நிறுத்தவேண்டிய நிலை.

என் திரை பார்க்க லட்சணமாக இருக்கும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் நாற்காலியில் கிடக்கும் துணியையெல்லாம் பீரோவுக்குள் திணிப்போமே, அதுபோல எல்லாப் பொத்தான்களையும் மூன்று புள்ளிக்குள் திணித்திருந்தேன். மேடத்தின் திரையில் பொத்தான்கள் கீழே வரிசையாக, பந்திக்கு உட்கார்ந்ததுபோல இருக்கும். அழகே இல்லை என்று நினைத்தேன், சொல்லவும் செய்தேன். "ஹவ் சார், அழகா இல்லதான்" என்று தக்னியில் ஒரு 'ஆமாம்' போட்டு ஒப்புக்கொண்டார். சண்டைக்கு வராதவர்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

குஷாய்குடா வீட்டில் அவருடைய திரையைச் சோதிக்கும் முறை வந்ததும் அவர் இரண்டு காரியம் செய்தார். முதலில், "சார், நீங்க கொஞ்சம் ஹால்ல உக்காருங்க. உங்களுக்கு கைக்கு வீண் டென்ஷன்" என்று, 'எதுக்கு' என்பதற்குத் தக்னியில் 'கைக்கு' போட்டு, என்னை அப்புறப்படுத்தினார். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அக்கா தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொத்தான்கள் கண்முன்னே இருந்தும், திரையைப் பகிரும் இடம் அக்காவுக்குப் பிடிபடவில்லை. "எங்கம்மா இருக்கு, சொல்லித் தொலையேன்" என்றார் அக்கா. "நீங்க எங்க இருக்கும்னு நினைக்கிறீங்க அக்கா?" என்றார் மேடம். "நான் நினைக்கிறதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?" இரண்டு நிமிடம் ஆயிற்று. ஹாலில் இருந்த எனக்குக் கத்திச் சொல்லிவிடலாம்போல இருந்தது. ஆனால் அது எதிரியின் திரை என்பது ஞாபகம் வந்து, தட்டில் இருந்த முறுக்கில் மனதைச் செலுத்தினேன். கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி, உங்களது நல்லா இருக்கு. நீங்க பக்கத்துல இருந்தா ஒரு கஷ்டமும் தெரியல." அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வீட்டிலும் என் திரை தேறியது. அவருடையது மூன்றில் தடுக்கியது. பதவி எனக்கு வந்தது. ஐந்து வீட்டிலும் நான் எப்படித் தேறினேன் என்று கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "நல்லா வந்துச்சு சார்" என்று எனக்குக் கைகொடுத்துவிட்டு, நான் வாங்கி வைத்த இனிப்பில் இரண்டு எடுத்துக்கொண்டு போனார்.

செயலி வெளியே போன இரண்டாவது வாரம் புகார்கள் வரத் தொடங்கின. முக்கியமான கூட்டத்தின் நடுவே ஒரு வீட்டின் மிக்ஸி, இன்னொரு வீட்டின் நாய், மற்றொரு வீட்டில் மாமியாரைப் பற்றி மருமகள் சொன்ன அபிப்பிராயம், எல்லாம் ஊருக்கே கேட்டது. மைக்கை அணைக்க யாருக்கும் தெரியவில்லை. என் திரையில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் செயலியோடு என்னையும் சேர்த்து அனுப்ப வழியில்லாமல் போனது தொழில்நுட்பத்தின் போதாமை.

ஒருநாள் காலை மேடம் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். இருபத்து மூன்று வரிகள். "சார், உங்க டெஸ்ட் ரெக்கார்டிங் எல்லாம் திரும்பக் கேட்டேன், என் நோட்டையும் வெச்சுப் பாத்தேன். நீங்க எங்கெல்லாம் வாய் திறந்தீங்களோ அங்கெல்லாம் ஸ்கிரீன் தப்பு. தப்பு இருக்கற இடத்துல உங்களால சும்மா இருக்க முடியல சார். ரொம்ப யூஸ் ஆச்சு." முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் சமாளித்திருப்பேன், கேலி எனக்குத் தாய்மொழி. இல்லை. நாற்பது வருடமாக என்னோடு இருக்கும் வாய், எனக்கு ஒரு நாளும் உபகாரம் செய்யாதது, ஒரே வருடப் பழக்கத்தில் அவருக்கு வேலை செய்திருந்தது. என் வாயின்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது அன்றுதான்.

அந்த இருபத்து மூன்றையும் தன் திரையில் தடுக்கிய இடங்களையும் வைத்து மூன்று வாரத்தில் புதிய திரை ஒன்றைச் செய்தார். புகார்கள் நின்றன. எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில், இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று மேனேஜர் கேட்டார். "சாரோட டெஸ்ட்லருந்துதான் எல்லாமே கிடைச்சுது" என்றார் மேடம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அத்தனை பேரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். பதினொரு விநாடி சும்மா இருக்கத் தெரியாத நான், அந்தக் கைதட்டல் ஓயும்வரை வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை.

போன மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இனிப் போலாரத்து வீட்டிலிருந்தபடியே வேலையாம். வழியனுப்பும் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். ஸ்கூட்டரைப் பற்றி, டப்பாவைப் பற்றி, அவருடைய தமிழைப் பற்றி. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் இன்றும் என்னிடம் வந்து, அவர் செய்த அந்தத் திரையை என்னுடையது என்று நினைத்துப் பாராட்டுகிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். திட்டிவிட்டுப் போயிருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருக்கலாம்.

வழியனுப்பிய அன்று மாலை லிஃப்டுக்காக நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். "நல்லா பேசினீங்க சார்" என்றார். பிறகு பையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. வெறுமனே காத்திருந்தார். நான் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த லிஃப்ட் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினேன்.